கேமில் எத்தனை நிறம் என்பதல்ல, ‘இது தப்பு’ என்று யாரால் சொல்ல முடிகிறது?

ஆகஸ்ட் 3, 2025, இரவு 9.20: ஒரு வாசகரின் கேள்வி

“கேம் ஆடுறதே டென்ஷன் குறையத்தான். அதுலயும் நிறம், இனம், பிரதிநிதித்துவம்னு ஏன் இழுக்கிறீங்க? இப்போ எல்லா ஸ்டுடியோவிலயும் எல்லா நாட்டுக்காரங்களும் வேலை பார்க்கிறாங்க. நம்ம சென்னையிலேயே உட்கார்ந்து வெளிநாட்டு கேமுக்கு ஆர்ட் பண்ணித் தர்றாங்க. அதுக்கப்புறமும் பல்கலைக்கழகத்துல உட்கார்ந்து இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரை எழுதுறது யாருக்காக?”

ஆகஸ்ட் 3, இரவு 11.05

சென்னையில் உட்கார்ந்து ஆர்ட் பண்ணித் தருகிறவர்களில் நானும் ஒருத்தி. கேரக்டர் ஆர்டிஸ்ட். முகம், தோல், முடி, உடை என் வேலை. ஆள் குறைந்தால் கட்டடம், தெரு, தட்டுமுட்டுச் சாமானும் செய்வேன். அதனால் கேள்வியில் சென்னை வரும் இடத்துக்கு மட்டும் இப்போது பதில்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு ப்ராஜெக்டில் தென்னிந்தியக் கடைத்தெரு ஒன்று வந்தது. எங்கள் டீம் லீட் மதுரைக்காரர். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களை மனசில் வைத்துக்கொண்டு செய்தோம். வரிசையாகத் தையல் மெஷின்கள், எவர்சில்வர் பாத்திரக்கடை, வாழைநாரில் தொடுத்த மல்லி, ஈரச்சாக்கு போர்த்திய பூக்கூடை, டீக்கடை வாசலில் தினசரிப் பேப்பரின் போஸ்டர். அனுப்பியதும் திரும்பி வந்த குறிப்பு: “இன்னும் இந்தியத்தனமாக வேண்டும்.” கூடவே படங்கள். சாமந்தி மாலை, பாம்பாட்டி, காவி கட்டிய சடாமுடிச் சாமியார், சுவரெல்லாம் மஞ்சளும் ஊதாவும். தையல் மெஷினை எடுத்துவிடச் சொன்னார்கள். மதுரையில் பிறந்து வளர்ந்தவர் அந்தத் தெருவில் பாம்பாட்டியை உட்கார வைத்தார். ஒப்பந்தம் அப்படி. திருத்தக் குறிப்புக்கு ‘முடியாது’ என்று பதில் போட எங்களுக்கு வழி இல்லை.

கிரெடிட்ஸில் எங்கள் நிறுவனத்தின் பெயர் ஒரு வரி வந்தது. ஆட்களின் பெயர் இல்லை.

ஆகவே எத்தனை நாட்டுக்காரர்கள் வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. ‘இது தப்பு, இப்படிச் செய்யாதே’ என்று சொன்னால் எடுபடக்கூடிய இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பன்முகத்தன்மை.

ஆகஸ்ட் 4, காலை 7.40

ஆனாலும் எண்ணிக்கை வீண் என்று சொல்லிவிட மாட்டேன். சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கம் 2005-ல் எடுத்த கணக்கில் பதில் சொன்னவர்களில் 83 சதவீதத்துக்கு மேல் வெள்ளையர். கறுப்பினத்தவர் 2 சதவீதம். 2009-ல் ஆய்வாளர் டிமிட்ரி வில்லியம்ஸின் குழு 150 கேம்களை எடுத்து, திரையில் வரும் மனிதர்களை மக்கள்தொகைக் கணக்கு மாதிரி எண்ணிப் பார்த்தது. வளர்ந்த வெள்ளை ஆண்கள் அமெரிக்க மக்கள்தொகையில் இருப்பதைவிட அதிகமாக இருந்தார்கள். லத்தீன் அமெரிக்கர், அமெரிக்கப் பூர்வகுடிகள், பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் எல்லாரும் குறைவு. பழைய கணக்குதான். ஆனால் என் வயசுக்காரர்கள் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து ஆடி வளர்ந்த கேம்கள் அந்தக் காலத்தவை.

ஆகஸ்ட் 4, இரவு 10.30

“தோல் நிறத்தை மாத்தினா முடிஞ்சது, அதுக்கு எதுக்கு அரசியல்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது என் சொந்தத் தொழில். விரிவாகவே சொல்கிறேன்.

வெளுத்த தோலின்மேல் ஒளி பட்டால் கொஞ்சம் உள்ளே போய், ரத்தத்தின் சிவப்பை வாங்கிக்கொண்டு வெளியே வரும். காது மடலுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் மடல் சிவந்து தெரிவது அதனால்தான். கேம் உலகமும் சினிமா கிராஃபிக்ஸும் பல வருஷம் மெனக்கெட்டு இந்த ஒன்றைச் சரியாகக் கொண்டுவந்தன. கறுத்த தோலில் கண்ணுக்கு முதலில் தெரிவது வேறு. நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் ஒளி தெறித்து நிற்கிற மினுமினுப்பு, நிழல் பக்கத்தில் நீலமோ செம்பழுப்போ ஓடுகிற சாயல். வெளுத்த முகத்துக்கு என்று சரிசெய்த ஷேடரில் (ஒளி பட்டால் பரப்பு எப்படித் தெரியும் என்று கணக்குப் போடுகிற நிரல்) அப்படியே கறுப்பு நிறத்தை ஊற்றினால் முகம் சாம்பல் பூத்துவிடும். விளக்கமைப்பும் அதே கதை. வெளுத்த முகத்துக்கு வைத்த விளக்கில் கறுத்த முகம் கண்ணும் பல்லும் மட்டுமாகத் தெரியும். அப்புறம் “டார்க் கேரக்டர் சரியாத் தெரியல, கொஞ்சம் லைட் பண்ணுங்க” என்று குறிப்பு வரும். விளக்கை மாற்றச் சொல்ல மாட்டார்கள், ஆளை வெளுக்கச் சொல்வார்கள்.

முடி இன்னும் மோசம். பெரும்பாலான கேம்களில் முடி என்பது மெல்லிய பட்டைப் பட்டையாக அடுக்கி வைத்த படம். நேரான, தொங்குகிற முடிக்கு அது தோதாக வரும். சுருட்டை முடியைப் பட்டைகளில் செய்வது நாள்கணக்கில் இழுக்கிற வேலை. விற்பனைக்குக் கிடைக்கிற ரெடிமேட் மாடல்களில் ஆப்பிரிக்க முடி என்றால் ஒரு பந்து, இல்லாவிட்டால் பின்னல் என்று போடப்பட்ட நாலு கயிறு. கலிஃபோர்னியாவின் சான்டா க்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஏ. எம். டார்க் இதற்காகவே ஆப்பிரிக்க முடி மாடல்களின் திறந்த நூலகம் ஒன்றைத் தொடங்கினார். கறுப்பினக் கலைஞர்கள் செய்த மாடல்கள். ஆய்வாளர் என்றால் பேப்பர் மட்டும் எழுதுவார் என்று நினைக்கிறவர்கள் இதைப் போய்ப் பார்க்கலாம்.

‘தி சிம்ஸ் 4’ 2014-ல் வந்தது. கறுப்பினப் பெண்கள் தங்களை மாதிரி ஒரு ஆளை உருவாக்க முடியாமல் தாங்களே தோல் நிறங்களைச் செய்து இலவசமாகப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். கம்பெனி நூற்றுக்கு மேற்பட்ட புதுத் தோல் நிறங்களைச் சேர்த்தது 2020 டிசம்பரில். மனிதர்களை உருவாக்குவதையே விளையாட்டாக வைத்திருக்கிற கேமுக்கே ஆறு வருஷம் ஆனது.

ஆகஸ்ட் 6, இரவு 9.50

“ஆரம்பத்துலேர்ந்து இது வெள்ளைக்காரங்க கண்டுபிடிச்ச துறை, அதனால அவங்க ரசனைதான் இருக்கும்” என்று ஒரு பதில். கிடையாது.

ப்ரூக்ளினில் 1940-ல் பிறந்த கறுப்பின இன்ஜினியர் ஜெர்ரி லாசன். பையனாக இருந்தபோதே டிவி ரிப்பேர் செய்தவர். ஃபேர்சைல்ட் கம்பெனியில் அவர் தலைமையில் உருவானதுதான் 1976-ல் வந்த சேனல் எஃப் கன்சோல். கார்ட்ரிட்ஜை, அதாவது கேம் கேசட்டைக் கழற்றி வேறொன்றைச் செருகி வேறு கேம் ஆடலாம் என்பதை வீட்டுக் கன்சோலில் முதலில் கொண்டுவந்தது அது. அட்டாரி 2600 வந்தது அதற்கு அடுத்த வருஷம். ஆயிரம் தடவை செருகி எடுத்தாலும் உள்ளே இருக்கிற சர்க்யூட் கெடாமல் பார்த்துக்கொள்வது அப்போது யாருக்கும் பழக்கமில்லாத பிரச்சினை. நம் ஊரில் ‘நூறு கேம் ஒரே கேசட்’ வாங்கி, ஊதி ஊதிச் செருகிய எல்லாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். டெவலப்பர்கள் சங்கம் அவரை மேடையேற்றி மரியாதை செய்தது 2011 மார்ச்சில். அடுத்த மாதம் இறந்துபோனார்.

மார்டினிக் தீவில் பிறந்த முரியல் ட்ராமிஸ் 1988-ல் பிரான்சில் ‘ஃப்ரீடம்’ என்று ஒரு கேம் செய்தார். கரும்புத் தோட்டத்து அடிமைகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கலகத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள், நீங்கள் அவர்களில் ஒருவர். அதற்கு முந்தைய வருஷம் வந்த அவருடைய ‘மெவிலோ’ 1902-ல் எரிமலை விழுங்கிய செயின்ட் பியர் ஊரில் நடக்கிறது. தன் தீவின் கதையைச் சொல்ல அவர் யார் அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. பிரான்ஸ் தன் உயரிய விருதான லெஜியன் டி’ஹானரை அவருக்குக் கொடுத்தது 2018-ல்.

இவர்கள் இருந்தார்கள். வரலாற்றை எழுதியவர்கள் இவர்களைத் தாண்டிப் போனார்கள். மறுபடி தேடிக் கொண்டுவந்ததில் அந்த ‘பேப்பர் எழுதுகிறவர்’களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகஸ்ட் 9, மாலை 6.15

தோல், முடி, உடை எல்லாம் சரியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கேமின் விதி?

ஒரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிற கேம் ‘சிவிலைசேஷன் 6’. அதில் 2018-ல் கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ மக்களையும் அவர்கள் தலைவர் பவுண்ட்மேக்கரையும் சேர்த்தார்கள். உடை, இசை எல்லாவற்றிலும் அக்கறை தெரிந்தது. ஆனால் கனடாவில் பவுண்ட்மேக்கரின் சொந்தச் சமூகத்தைச் சேர்ந்த மில்டன் டூட்டூசிஸ் வெளிப்படையாக மறுப்புச் சொன்னார். நிலத்தைப் பிடி, எல்லையை விரி, அடுத்தவனை அடக்கு என்பதுதான் அந்த கேமின் விதி. அந்த விதிக்குள் எங்கள் தலைவரை நிறுத்தினால் எங்களுக்கும் அதே காலனிய ஆசை இருந்ததாக ஆகிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். பவுண்ட்மேக்கர் 1885-ல் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைக்குப் போனவர். கனடா அரசு அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 2019-ல். அப்படிப்பட்ட ஒருவரை வைத்து நாம் உலகத்தைப் பிடித்து ஆடுகிறோம்.

சாம்ராஜ்யம் கட்டிப் போரிடுகிற இன்னொரு கேமான ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3’ இதில் கொஞ்சம் உள்ளே போயிற்று. 2020-ல் புதுப்பித்தபோது பூர்வகுடி ஆலோசகர்களிடம் பேசினார்கள். சியூ, இரோக்வாய் என்று இருந்த பெயர்கள் அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிற லகோட்டா, ஹோடினோஷோனி என்று மாறின. அதைவிட முக்கியம், மலையைக் குடைந்து தங்கம் எடுக்கிற வேலையை அந்த மக்களுக்கு நீக்கிவிட்டு, விலங்குத் தோல் வியாபாரத்தின் வழியாகச் செல்வம் வரும்படி விதியையே மாற்றினார்கள். ஆலோசகர் சொன்னதைக் கேட்டு ஸ்கின்னை, அதாவது வெளித்தோற்றத்தை மாற்றுவது சுலபம். விதியை மாற்றினால் பேலன்ஸ் எல்லாம் உடையும், டெஸ்டிங் மறுபடி முதலிலிருந்து. அந்தச் செலவுக்கு ஒத்துக்கொண்டார்கள் என்பதால் அதை மதிக்கிறேன்.

‘சிவிலைசேஷன் 7’ அமெரிக்கப் பூர்வகுடிகளான ஷானி மக்களைச் சேர்த்தபோது அவர்கள் தலைவர் பென் பார்ன்ஸோடு சேர்ந்து வேலை செய்தது. ஷானி மொழி பேசுகிறவர்களைக் குரலுக்கு வைத்து, மொழியை மீட்கிற அவர்கள் வேலைக்கும் உதவியது. 2018-ல் விழுந்த அடி வேலை செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அதே கேமில் நம் சோழரும் இருக்கிறார்கள். வரலாற்றுப் பாதை என்று கேம் வைத்திருக்கிற வழியில் போனால் மௌரியர் சோழராகிறார்கள், சோழர் முகலாயராகிறார்கள். அசோகன் தன் கல்வெட்டில் தன் எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் என்று சோழரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். ஷானிகளை உட்காரவைத்துக் கேட்ட மாதிரி இங்கே யாரையும் கேட்கவில்லை என்றுதான், மௌரியரைச் சோழராக்குகிற அந்த வழியைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 9, இரவு 11.30

மேலே எழுதியதில் சோகம் தூக்கல். சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-ல் ரொம்ப நாள் ‘இந்தியர்’ என்று ஒரே கூட்டம். 2022-ல் அதைப் பிரித்து திராவிடர் என்று தனியாகக் கொண்டுவந்தார்கள். கிராமத்து ஆளைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். ராஜேந்திரன் கப்பல் ஏறி ஸ்ரீவிஜயம் போகிறான். முதல் ராத்திரி நான் கேம் ஆடவே இல்லை. ஒவ்வொரு ஆளாகச் சொடுக்கிச் சொடுக்கிக் குரல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 10, மதியம் 2.10

ராத்திரி எழுதியதை ஒட்டி இன்னொன்று உறுத்துகிறது.

உள்ளே ஒரு ஆள் இருந்தால் போதும் என்கிற மாதிரி இதுவரை பேசியிருக்கிறேன். எந்த ஆள்? நம் தரப்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு ‘தமிழ்ப் பண்பாடு எப்படி இருக்கும்’ என்று கேட்டால், கூப்பிடப்படுகிறவர் யாராக இருப்பார்? ஆங்கிலம் சரளமாக வரும், வெளிநாட்டில் படித்தவர், பெரும்பாலும் மேல்சாதி. அவர் கொடுக்கிற பட்டியலில் கோயில், பரதநாட்டியம், பட்டுப்புடவை, வாழை இலைச் சாப்பாடு வரும். பறை வருமா? கருவாடு வருமா? பெரிய கோயிலைக் கட்டியவன் பெயர் வரும், கல் சுமந்தவன் தெரு வருமா? இந்தியாவில் எடுக்கிற கேம்களே திரும்பத் திரும்ப இதிகாச புராணத்துக்குள்தான் போகின்றன. நாயகி என்றால் நாங்களே வெளுப்பாகத்தான் வரைகிறோம், அதற்கு எந்த வெள்ளைக்காரரும் குறிப்பு அனுப்புவதில்லை.

அதனால் ஒரு நாட்டுக்கு ஒரு ஆலோசகர் என்கிற ஏற்பாட்டின்மேல் எனக்கு நம்பிக்கை குறைகிறது. பலர் வேண்டும், அவர்களுக்குள் சண்டை வந்தால் அதைக் கேட்கிற பொறுமையும் வேண்டும்.

ஆகஸ்ட் 13, இரவு 8.45

“ஆளாளுக்கு மனசு புண்படுதுன்னா எந்த கேமும் வெளிவராது.” இதுவும் எதிர்பார்த்த கேள்விதான்.

2002-ல் ‘ஹிட்மேன் 2’-ல் குருத்வாரா மாதிரி ஒரு இடத்தில் சீக்கியர்களைக் கொல்கிற கட்டம் வந்தது. 1984-ல் பொற்கோயில் தாக்குதலும் சீக்கியர் படுகொலையும் நடந்து பதினெட்டே வருஷம். சீக்கியர்கள் கொதித்ததும் கம்பெனி இறங்கிவந்தது. செய்யும்போதே ஒரு சீக்கியரிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். 2008-ல் ‘ஃபால்அவுட் 3’ இந்தியாவுக்கு வரவில்லை. பண்பாட்டு உணர்வுகள் என்று மைக்ரோசாஃப்ட் பொதுவாகச் சொன்னதோடு சரி. அதில் வரும் இரட்டைத்தலை மாட்டுக்கு ‘ப்ராமின்’ என்று பெயர் இருப்பதால்தான் என்று ஆடுகிறவர்கள் ஊகித்தார்கள். இங்கே யாரிடமும் கேட்காமல், பயந்துபோய்க் கடையை மூடுவதும் முதலில் சொன்னதும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் பேச்சு இல்லை.

நான் தடை கேட்கவில்லை. வேலை நடக்கும்போது கேளுங்கள் என்கிறேன்.

ஆகஸ்ட் 16, இரவு 10.20

ஆய்வு யாருக்காக என்ற கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

அக்கா பையன் பத்தாவது படிக்கிறான். போனில் பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவான். லீவில் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தெரியாதவர்களோடு ஒரே அணி. வீட்டுக்குப் பின்னால் எதிரி நிற்கிறான், இவன் மைக்கில் “அண்ணா பின்னாடி, பின்னாடி” என்று கத்தினான். அடுத்த நொடி ஹிந்தியில் ஒரு குரல், “ஹிந்தி மே போல்”, ஹிந்தியில் பேசு என்று. இன்னொருவன் ‘மதராசி’ என்று சொல்லிச் சிரித்தான். பையன் மைக்கை அணைத்துவிட்டான். முகத்தில் ஒன்றும் இல்லை, பழகிப்போன விரல் அது. “எப்பவும் இப்படித்தான் சித்தி, நான் ஃப்ரெண்ட்ஸோட மட்டும்தான் மைக் போடுவேன்” என்றான்.

கிஷோனா க்ரே என்கிற அமெரிக்க ஆய்வாளர் எக்ஸ்பாக்ஸ் கன்சோல்காரர்கள் இணையத்தில் சேர்ந்து ஆடுகிற எக்ஸ்பாக்ஸ் லைவில் இதைத்தான் பல வருஷம் உட்கார்ந்து கேட்டு எழுதினார். கறுப்பினப் பெண்களும் லத்தீனப் பெண்களும் வாயைத் திறந்ததும் குரலை வைத்து இனம் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அப்புறம் வசை. கடைசியில் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கிற தனி அறைக்கு ஒதுங்குகிறார்கள். திரையில் எந்த உடம்பைப் போட்டிருந்தாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இணையத்தில் உடம்பு இல்லை, அதனால் இனமும் இல்லை என்று தொண்ணூறுகளில் பேசப்பட்டபோது ஆய்வாளர் லீசா நகமுரா மறுத்து எழுதியதும் இதே திசையில்தான்.

க்ரேயைப் படித்த பிறகுதான் என் அக்கா பையன் மைக்கை அணைத்தது அவனுடைய கூச்ச சுபாவம் இல்லை என்று அக்காவிடம் என்னால் விளக்க முடிந்தது. இந்த ஆய்வு எனக்காகத்தான் எழுதப்பட்டது என்று தாராளமாகச் சொல்வேன்.

கொல்கத்தாவின் சௌவிக் முகர்ஜி பின்காலனியப் பார்வையில் கேம்களைப் பற்றியும், இந்தியத் துணைக்கண்டத்து கேம்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவர் ஒருவரே நமக்குப் போதாது.

ஆகஸ்ட் 17, மாலை 5.30

முடிவெடுக்கிற அதிகாரம் கதைக்குரியவர்கள் கையிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம்.

அலாஸ்காவின் குக் இன்லெட் பழங்குடி மன்றம் பணம் போட்டுத் தானே ஒரு கேம் கம்பெனி தொடங்கி, ஈ-லைன் மீடியாவோடு சேர்ந்து 2014-ல் ‘நெவர் அலோன்’ கொண்டுவந்தது. கதையைச் சொல்வது இன்யுபியாக் மொழியில், பாட்டன் குரலில். அந்தக் கதையைச் சொல்லி வந்த ராபர்ட் க்ளீவ்லண்டின் மகளைத் தேடிப்போய் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். எங்கள் தொழிலில் கதைக்குச் சொந்தக்காரர் என்றால் அது கம்பெனி வக்கீலோடு பேச வேண்டிய விஷயம். இங்கே ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நடுநடுவே திறக்கிற சின்னச் சின்ன ஆவணப்படங்களில் பெரியவர்கள் பனியைப் பற்றியும் வேட்டையைப் பற்றியும் பேசுவார்கள். எனக்கு கேமைவிட அதுதான் பிடித்தது.

இன்னொன்று ‘வெண்பா’. டொரண்டோவின் விசை கேம்ஸ், 2023. எண்பதுகளின் கடைசியில் கனடா போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு நோட்டு. இட்லித் தட்டை எப்படி மாற்றி அடுக்க வேண்டும் என்பதே அங்கே ஒரு புதிர். சுற்றுலா போஸ்டர் சமாச்சாரம் எதுவும் இல்லை. மகன் வீட்டில் தமிழ் பேசக் கூச்சப்படுவதை அவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்கிறது. சாமந்தி போடச் சொல்ல அங்கே யாரும் இல்லை. ‘நெவர் அலோன்’ 2015-லும் ‘வெண்பா’ 2024-லும் அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை வாங்கின.

இரண்டும் சின்ன கேம்கள், அது நிஜம். பெரிய பணம் புரளும் இடத்தில் இந்த அதிகாரம் இன்னும் நகரவில்லை. சொந்தமாகச் சின்னதாகச் செய்துகொள் என்று எங்களை ஒதுக்கிவிடவும் இதே உதாரணங்களைக் காட்டலாம். அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

ஆகஸ்ட் 21, இரவு 9.10

கோவையிலிருந்து ஒரு எம்.ஏ. மாணவி ரொம்பப் பெரிதாக இல்லாமல் ப்ராஜெக்டுக்கு ஒரு தலைப்பு கேட்டிருக்கிறார். சோழர், மகாபாரதம் வேண்டாம் தங்கச்சி, அதற்கு ஆள் இருக்கிறார்கள். சென்னை, கோவை, ஹைதராபாத், பெங்களூரில் அவுட்சோர்ஸ் ஆர்ட் செய்கிறவர்களிடம் போய், அவர்களுக்கு வந்த திருத்தக் குறிப்புகளைப் பற்றிக் கேளுங்கள். எது இந்தியா மாதிரி இல்லை என்றார்கள், எதை வெளுக்கச் சொன்னார்கள், யார் எதிர்த்துப் பேசினார்கள், பேசியவருக்கு அப்புறம் என்ன ஆனது. ரகசிய ஒப்பந்தம் இருப்பதால் ப்ராஜெக்ட் பெயரையோ படத்தையோ யாரும் காட்ட மாட்டார்கள். கம்பெனி பெயரும் கேட்காதீர்கள், ஆள் பெயரும் எழுதாதீர்கள். குறிப்புகளின் தன்மை போதும். நேரம் கேட்கும்போது சனிக்கிழமை கேளுங்கள், டெலிவரி வாரத்தில் ஒருத்தரும் போன் எடுக்க மாட்டோம். முதல் ஆளாக நான் பேசுகிறேன், எங்கள் லீடையும் கேட்டுச் சொல்கிறேன்.